காணாத கடையும் காண்கின்ற இறைவனும்

எல்லாப் புகழும் அகிலங்களின் அதிபதியாம் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர், வாணிபத்திலும் வாழ்விலும் நமக்கு வழிகாட்டிய அண்ணல் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

இரண்டாண்டுகளுக்கு முன், நோன்புப் பெருநாள் கழிந்த நான்காம் நாள். அஸர் தொழுகை முடித்துப் பள்ளிவாசல் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தோம். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாயார், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலோரம் நின்றார்கள். "ஹழ்ரத், என் மகன் மூணு நாளா போனை அணைச்சு வச்சிருக்கான். வீட்டுக்கு ஆள் மேல ஆள் வர்றாங்க. அவன் ஏமாத்தணும்னு செய்யலை ஹழ்ரத். நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேளுங்க" என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

விசாரித்தோம். அந்தத் தம்பிக்கு வயது இருபத்து நான்கு. பட்டப்படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் இருந்தவர். ரமளானுக்கு முன் கைபேசி வழியாகவே பெண்களுக்கான தொழுகை உடை விற்கத் தொடங்கியிருக்கிறார். வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் அனுப்பிய படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டார். ஓர் உடை 850 ரூபாய். 62 பேர் முழுப் பணத்தையும் யூபிஐ மூலம் முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள். பெருநாளைக்கு முன் வந்து சேர்ந்தவை 23 உடைகள். மீதி 39-ம் பெருநாளைக்கு மறுநாள் வந்தன. அவையும் படத்தில் கண்ட துணி அல்ல. உள்ளே அணிந்திருப்பது வெளியே தெரியுமளவு மெல்லியவை. அதை மட்டும் அணிந்து தொழுதால் மறைக்கவேண்டிய உடல் மறையாது, தொழுகையே கூடாது! மொத்த வியாபாரியோ திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். வந்த இலாபத்தில் ஒரு பகுதி பெருநாள் செலவில் கரைந்துவிட்டது. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் தம்பி கைபேசியை அணைத்துவிட்டு அறைக்குள் படுத்துக்கொண்டார்.

அன்புச் சகோதரர்களே, தாய்மார்களே! இந்தத் தம்பி மோசக்காரர் அல்லர். ஐவேளைத் தொழுகையாளி. அவருடைய நிய்யத்தில் பழுதில்லை என்று நாம் நம்பினோம், இன்றும் நம்புகிறோம். ஆனால் நல்ல நிய்யத் ஒன்றே ஒருவரை வியாபாரியாக ஆக்கிவிடாது. அதற்கென்று சில குணங்கள் வேண்டும். உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக் காலத்தில், மார்க்கச் சட்டம் விளங்காதவர் நம் கடைத்தெருவில் விற்கவேண்டாம் என்று கட்டளையிட்டதாகத் திர்மிதீயில் பதிவாகியுள்ளது. இன்று நம் வீடுகளில் எத்தனையோ பிள்ளைகளும் பெண்மக்களும் கைபேசியைக் கடையாக்கி மசாலாத் தூள், ஊறுகாய், அத்தர், உடை, பலகாரம் என்று விற்க முன்வந்திருக்கிறார்கள். இது மகிழ்ச்சிக்குரியதே. அவர்கள் அந்தக் கடைத்தெருவுக்குள் காலெடுத்து வைக்குமுன் எந்தக் குணங்களைக் கைமுதலாகக் கொள்ளவேண்டும் என்பதை இம்மாதம் பார்ப்போம்.

இது புதிய வியாபாரமா?

தொலைவில் இருப்பவரோடு வாணிபம் செய்வது புதிதன்று. குறைஷியர் குளிர்காலத்திலும் கோடைக்காலத்திலும் வணிகப் பயணம் போனதை அருள்மறை ஒரு தனி அத்தியாயத்திலேயே (106) கூறுகிறது. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவில் தம் இல்லத்தில் இருந்தபடியே ஷாம் தேசத்துக்குச் சரக்கு அனுப்பியவர்கள். சந்தையை அவர்கள் நேரில் பார்க்கவில்லை. அனுப்பப்படும் மனிதரின் உண்மையையும் அமானிதத்தையும் பார்த்தார்கள். அல்-அமீன் என்று ஊரே அழைத்த நம் நாயகத்திடம் சரக்கை ஒப்படைத்தார்கள். காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் நம் முன்னோர் கடல் கடந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் வாணிபம் செய்த நாட்களில் கடிதமும் வாக்குமே கடையாக இருந்தன.

ஆயினும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. தெருவில் உள்ள கடையில் வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்க்கிறார், முகர்ந்து பார்க்கிறார், தராசு முள்ளைக் கவனிக்கிறார், கடைக்காரர் முகத்தையும் பார்க்கிறார். வாங்குபவருடைய கண், கடைக்காரருடைய நாணயத்தைப் பாதியளவு காவல் காக்கிறது. கைபேசிக் கடையில் அந்தக் கண் இல்லை. விற்பவர் யார், சரக்கு எங்கே, எடை சரியா என்பது எதுவும் வாங்குபவருக்குத் தெரியாது. காவல் காக்கும் கண் வெளியில் இல்லாதபோது அது உள்ளத்துக்குள் இருக்கவேண்டும். ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்து இஹ்ஸானைப் பற்றிக் கேட்டபோது, அல்லாஹ்வை நீர் பார்ப்பதுபோல் வணங்குவதென்றும், நீர் அவனைப் பார்க்காவிடினும் அவன் உம்மைப் பார்க்கிறான் என்றும் பொருள்பட நபி (ஸல்) அவர்கள் விளக்கம் தந்தார்கள். காணாத கடைக்கு அந்த இஹ்ஸானே அஸ்திவாரம். இனி நாம் சொல்லப்போகும் குணங்கள் எல்லாம் அதன் கிளைகளே.

1. உள்ளதை உள்ளபடி காட்டும் உண்மை

ஒருமுறை கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஓர் உணவுத் தானியக் குவியலைக் கடந்து சென்றார்கள். அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஈரத்தை மேலே வை என்றார்கள். கைபேசியில் படம்தான் குவியலின் மேற்பகுதி. நிறம் கூட்டியும் வெளிச்சம் கூட்டியும் பிறர் சரக்கின் படத்தை எடுத்துப் போட்டும் விற்பவர் ஈரத்தை அடியில் வைப்பவரே. பகல் வெளிச்சத்தில் தம் சரக்கைத் தாமே படம் எடுத்து, நீளம், அகலம், எடை, துணியின் கனம், சாயம் போகுமா போகாதா என்பதையெல்லாம் எழுதுபவர் ஈரத்தை மேலே வைப்பவர்.

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் நம் சமுதாயப் பெண்கள் கோரையை மெல்லியதாகப் பிளந்து நெய்யும் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டுப்போல் மடியும் நயமான பாய்க்கும் சாதாரணப் பாய்க்கும் சிறு படத்தில் வேற்றுமை தெரியாது. விலையிலோ பல மடங்கு வேற்றுமை. எது எந்தத் தரம் என்று எழுதாமல் படத்தை மட்டும் போட்டால் வாங்குபவர் நயமான பாய் என்று நினைத்தே பணம் அனுப்புவார். பேசாமல் இருப்பதும் சில நேரம் பொய்யே!

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவர்கள் வியாபாரத்தில் பரக்கத் அருளப்படும், மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்ற கருத்தை ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி (புகாரீ, முஸ்லிம்) கூறுகிறது. கூஃபாவில் துணி வியாபாரம் செய்த நம் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வரலாற்றில் வருவதையும் நினைவிற் கொள்ளுங்கள். குறையுள்ள துணி ஒன்றை, குறையைச் சொல்லியே விற்கவேண்டும் என்று கூட்டாளியிடம் கொடுத்தனுப்பினார்கள். அவர் மறந்து சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள்.

இன்னொரு பொய்யும் இன்று பரவியிருக்கிறது. தாமே வேறு பெயரில் புகுந்தும், நண்பர்களை விட்டும் "அருமையான பொருள், நான் வாங்கினேன்" என்று எழுதச் செய்வது. வாங்கும் எண்ணமில்லாமலே விலையை உயர்த்திக் கேட்டு மற்றவரை இழுக்கும் நஜ்ஷ் என்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பொய்ப் பாராட்டு அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. நம் நாட்டுச் சட்டமும் இதைத் தடுக்கிறது. விற்பவர் தம்மை வாடிக்கையாளர்போல் காட்டிக்கொண்டு பாராட்டு எழுதக்கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில் உள்ளது. வாய்க்கு வாய் சத்தியம் செய்து விற்பதும் அவ்வாறே. சத்தியம் சரக்கை விற்கும், பரக்கத்தைப் போக்கிவிடும் என்பது நபிமொழியின் கருத்து.

2. கையில் இல்லாததை விற்காத கட்டுப்பாடு

நம் தம்பி சறுக்கிய இடம் இதுதான். ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் ஒரு வியாபாரி. தம்மிடம் இல்லாத பொருளைக் கேட்டு ஆள் வருகிறார். விற்றுவிட்டுப் பிறகு கடைத்தெருவில் வாங்கிக் கொடுக்கலாமா என்று அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். உம்மிடம் இல்லாததை விற்காதீர் என்ற கருத்தில் பதில் கிடைத்தது. இது அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் உள்ளது. உணவுப் பொருளை வாங்கியவர் அதைக் கைப்பற்றுமுன் விற்கக்கூடாது என்ற நபிமொழியும் புகாரீ, முஸ்லிமில் உள்ளது.

பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் கேட்கப்பட்ட அக்கேள்வி நம் தம்பியின் வியாபாரத்தை அப்படியே படம் பிடித்தாற்போல் இல்லையா? சரக்கு வேறொருவர் கிடங்கில். தரம் வேறொருவர் வாயில். பொறுப்பு மட்டும் நம் தலையில். இத்தகைய விற்பனையில் நஷ்டத்தைக் கடைசியில் தாங்குபவர் நம்பிப் பணம் கொடுத்த ஏழைப் பெண்ணே. ஆகவேதான் மார்க்கம் முன்கூட்டியே கதவை அடைத்தது.

"முதல் இல்லாதவர் என்ன செய்வது, ஹழ்ரத்?" என்று தம்பி கேட்டார். ஷரீஅத் ஒரு கதவை அடைத்தால் வேறு கதவுகளைத் திறந்தே வைத்திருக்கிறது. மூன்று வழிகளை அவருக்குச் சொன்னோம்.

ஒன்று, வாக்குறுதி மட்டும் கொடுப்பது. "இப்பொருளை வரவழைக்கிறேன், வந்தபின் பாருங்கள், பிடித்தால் வாங்கலாம்" என்று சொல்லி, சரக்கு கைக்கு வந்தபின் விலை பேசி விற்பது.

இரண்டு, முகவராக இருப்பது. "சரக்கு இன்ன வியாபாரியுடையது, அவருக்காக நான் விற்றுத் தருகிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்லி, அவரிடம் இவ்வளவு கூலி என்று முன்னரே பேசிக்கொள்வது.

மூன்று, ஸலம் என்னும் முன்பண வியாபாரம். நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அங்குள்ளோர் பழங்களுக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பணம் கொடுத்து வந்தார்கள். அளவு தெரிந்து, எடை தெரிந்து, தவணை தெரிந்து செய்யுமாறு அவர்கள் திருத்தினார்கள். பொருளின் வகை, தரம், அளவு, கொடுக்கும் நாள், இடம் எல்லாம் தெளிவாக இருக்கவேண்டும்; பணம் முழுவதும் முன்னரே கொடுக்கப்பட வேண்டும். வீட்டில் தைத்தும் சமைத்தும் கொடுக்கும் பெண்மக்களுக்கு ஆர்டரின்பேரில் செய்து தரும் வழியும் உண்டு. இவற்றின் நுட்பமான நிபந்தனைகளை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தொடங்குங்கள். கேட்பதில் வெட்கமில்லை, கெட்டபின் கேட்பதே வேதனை.

3. சிறுகத் தொடங்கும் மனம்

ஹிஜ்ரத் செய்து வெறுங்கையோடு மதீனா வந்தவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள். அவர்களுக்குச் சகோதரராக இணைக்கப்பட்ட ஸஃது இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் சரிபாதி தருவதாகச் சொன்னார்கள். அவர்களோ, உம் குடும்பத்திலும் செல்வத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக என்று துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தைக்குப் போய்ப் பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றார்கள். பிற்காலத்தில் ஸஹாபாக்களிலேயே பெரும் செல்வர்களில் ஒருவரானவர்களின் முதல் வியாபாரம் அதுவே!

இலவசமாக வந்த பாதிச் செல்வத்தை மறுத்து நெய்யில் தொடங்கிய அந்த மனம் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். இன்று கைபேசியிலேயே நிமிட நேரத்தில் கடன் தருகிறோம் என்று ஆசை காட்டுகிறார்கள். அதன் பின்னால் வட்டி ஒளிந்திருக்கிறது. வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கிய இறைவசனத்தை (2:275) ஓதும் நாம், வட்டியில் வாங்கிய முதலில் ஹலாலான வியாபாரம் தொடங்குவது எங்ஙனம் பொருந்தும்? பத்து உடைக்கு முதல் இருந்தால் பத்தை வாங்கி விற்கட்டும். அந்தப் பத்திலேயே எந்த அளவு விலைபோகிறது, எந்தக் கூரியரில் தாமதம், எந்தத் துணியில் புகார் என்பதெல்லாம் விளங்கிவிடும். அறுபத்திரண்டில் கற்கவேண்டிய பாடத்தைப் பத்தில் கற்றால் நஷ்டமும் பத்துக்குள் நிற்கும்.

4. எழுதி வைக்கும் ஒழுங்கு

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது (2:282). சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிப்படைய வேண்டாம் என்று அதில் அறிவுறுத்தப்படுகிறது. நம் பாட்டனார் காலத்தில் பெட்டிக்கடையிலும் நாள்வழியும் பேரேடும் இருந்தன. இன்றோ யார் பணம் அனுப்பினார், யாருக்குச் சரக்குப் போயிற்று என்பதற்குக் கைபேசியைத் தடவித் தடவித் தேடுகிறோம். அந்தத் தம்பியிடம் 62 பேரின் பெயரும் ஒரே தாளில் இல்லை. அதைத் தொகுக்கவே நமக்கு இரண்டு இரவுகள் பிடித்தன.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெயர், தேதி, பொருள், வந்த பணம், அனுப்பிய நாள், பாக்கி. வியாபாரப் பணத்தை வீட்டுச் செலவோடு கலக்காதீர்கள். இயன்றால் அதற்கெனத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். சரக்கு போய்ச் சேரும்வரை, வந்த பணத்தைத் தம் சம்பாத்தியமாக எண்ணாமல் அமானிதமாக எண்ணவேண்டும். அந்தப் பணத்தில்தான் தம்பியின் பெருநாள் செலவு நடந்துவிட்டது.

எழுதி வைத்தவருக்கே ஜகாத்தும் எளிது. நிஸாபை அடைந்து சந்திர ஆண்டு நிறைந்தால் விற்பனைச் சரக்கின் அன்றைய விலையோடு கையிருப்புப் பணத்தையும் சேர்த்து நூற்றுக்கு இரண்டரை கொடுக்கவேண்டும். ஐந்தொகை போடாதவர் எதைக் கொண்டு கணக்கிடுவார்? நாட்டுச் சட்டத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மசாலா, ஊறுகாய், பலகாரம் விற்பவர்கள் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பொட்டலத்தில் எழுதிய எடை உள்ளே இருக்கவேண்டும். அளவில் குறைப்போருக்குக் கேடுதான் என்று தொடங்கும் அத்தியாயம் (83) பெரிய மண்டிக்காரர்களுக்கு மட்டும் இறங்கியதன்று. சமையற்கட்டில் 200 கிராம் பொட்டலம் கட்டும் நம் சகோதரிகளுக்கும் அது பொருந்தும்.

5. இலகுவாக நடந்துகொள்ளும் தாராளம்

விற்கும்போதும் வாங்கும்போதும் தம் உரிமையைக் கேட்கும்போதும் இலகுவாக நடப்பவருக்கு அல்லாஹ் அருள்புரிவானாக என்று நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்துள்ளார்கள் (புகாரீ). "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டால் கடமை தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது மத்ஹபுகள் எல்லாம் ஏற்ற சட்டம். ஹனஃபீ மத்ஹபில், பார்க்காமல் வாங்கியவருக்குப் பார்த்தபின் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உண்டு. பார்க்காத பொருளை விற்பதில் ஷாஃபிஈ மத்ஹபின் கண்டிப்பு இதைவிட அதிகம். அம்மத்ஹபைச் சேர்ந்தவர்கள் தங்கள் உலமாக்களிடம் விளக்கம் பெற்றுக்கொள்க. குறையே இல்லாவிட்டாலும், வாங்கியவர் மனம் மாறி வருந்தும்போது வியாபாரத்தை ரத்துச் செய்து கொடுப்பவரின் சறுக்கலை அல்லாஹ் மன்னிப்பான் என்ற கருத்தில் அபூதாவூதில் நபிமொழி உள்ளது. ஒரு பார்சல் திரும்பி வருவதால் நூறு ரூபாய் நஷ்டம் வரலாம். மறுமையில் நம் சறுக்கல்களுக்கு விலை என்ன என்று எண்ணிப் பார்த்தால் அந்த நூறு ரூபாய் கனக்காது.

பஸராவின் துணி வியாபாரி யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்களைப் பற்றி இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதுகிறார்கள். அவர்கள் கடையில் இல்லாதபோது, இருநூறு திர்ஹம் பெறுமான ஆடையைச் சகோதரர் மகன் ஒரு கிராமவாசிக்கு நானூறுக்கு விற்றுவிட்டார். வழியில் அவரைக் கண்ட யூனுஸ் (ரஹ்) அவர்கள், இதன் பெறுமானம் இருநூறே என்றார்கள். எங்கள் ஊரில் ஐந்நூறு பெறும், நான் திருப்தியோடு வாங்கினேன் என்றார் கிராமவாசி. ஆயினும் அவரைக் கடைக்குத் திருப்பி அழைத்து வந்து இருநூறைக் கொடுத்தனுப்பினார்கள்; விற்றவரையும் கண்டித்தார்கள். விலை தெரியாதவரின் அறியாமையை இலாபமாக்கிக்கொள்ள அவர்கள் மனம் இடந்தரவில்லை.

6. பொறுமையும் தொழுகையும்

கைபேசிக் கடை தொடங்கிய முதல் சில மாதங்களில் விற்பனை ஆமைபோல் நகரும். பக்கத்து வீட்டுக்காரருடைய படத்துக்கு நூறு பேர், நம் படத்துக்கு மூன்று பேர் என்று எண்ணி மனம் ஒடியக்கூடாது. முயற்சி நம்முடையது, ரிஸ்கு அல்லாஹ்வுடையது. உண்மையாளர் எல்லாரும் பணக்காரர் ஆகிவிடுவார் என்று நாம் சொல்லமாட்டோம். நபிமொழி வாக்களிப்பது பரக்கத்தை. அது சிறிய வருமானத்திலும் நிம்மதியாக வந்து இறங்கும்.

தெருக்கடைக்குப் பூட்டு உண்டு; கைபேசிக் கடைக்குப் பூட்டில்லை. நள்ளிரவிலும் மணி அடிக்கும், இகாமத் சொல்லும்போதும் அடிக்கும். ஜும்ஆ அழைப்புக் கேட்டதும் வியாபாரத்தை விட்டுவிட்டு விரையுமாறும், தொழுகை முடிந்தபின் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறும் கூறும் இறைவசனங்களில் (62:9-10) இரண்டு கட்டளைகளும் சேர்ந்தே இருக்கின்றன. இத்தனை மணிக்குள் பதில் சொல்வோம் என்று எழுதிவைத்து, தொழுகை நேரத்திலும் இஷாவுக்குப் பிறகும் கடையை மூடுங்கள். அதிகாலையில் தம் உம்மத்துக்கு பரக்கத் வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். அதை அறிவித்த ஸக்ர் (ரலி) அவர்கள் ஒரு வியாபாரி. அதிகாலையிலேயே தம் ஆட்களை அனுப்பி வந்தார்கள், செல்வம் பெருகிற்று என்று அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்துள்ளனர். இரவு இரண்டு மணிவரை கைபேசியில் கிடந்து சுபுஹுத் தொழுகையைத் தவறவிடுபவர் அந்த துஆவின் வேளையை இழக்கிறார் அல்லவா?

தம்பியின் கதை

இனி அந்தத் தம்பியிடம் வருவோம். அவரிடம் நாம் முதலில் கேட்டது பணத்தை அல்ல. கைபேசியைத் திறக்கச் சொன்னோம். "என்ன ஹழ்ரத் சொல்றது? திட்டுவாங்களே" என்றார். "திட்டட்டும், தம்பி. அணைஞ்சு கிடக்கிற போன்தான் உங்களை மோசக்காரர்னு சொல்லுது. பேசினா, நஷ்டப்பட்டவர்னு தெரிஞ்சுக்குவாங்க" என்றோம். 39 பேருக்கும் தாமே பேசினார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். 11 பேர், துணி மெல்லியது என்று தெரிந்தே, 400 ரூபாய் திரும்பப் பெற்றுக்கொண்டு உடையை வைத்துக்கொண்டார்கள். 28 பேர் முழுப் பணத்தையும் கேட்டார்கள். அது அவர்கள் உரிமை. மொத்தம் 28,200 ரூபாய். ஒரு கடையில் கணக்கெழுதும் வேலைக்குப் போய், மாதாமாதம் கொடுத்து, ஏழு மாதத்தில் அடைத்தார். மிஞ்சிய 28 உடைகளையும் குறையைச் சொல்லியே உள்துணிக்காக ஒரு தையற்காரருக்குக் குறைந்த விலையில் கொடுத்தார். கடைசிப் பாக்கியைக் கொடுத்த அன்று அவருடைய தாயார் பள்ளிக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினார்கள்.

வியாபாரத்தை விட்டுவிடச் சொல்லி நாம் அவருக்குக் கூறவில்லை. இப்போது பத்துப் பதினைந்து உடைகளைக் கையில் வாங்கி வைத்தே விற்கிறார். படம் எடுக்கும்போது துணிக்குப் பின்னால் தம் கையை வைத்து வெளிச்சத்தில் எடுக்கிறார். கை தெரியவில்லை என்றால் துணி கனமானது என்று யாருக்கும் விளங்கும். பெரிய பணக்காரர் ஆகிவிடவில்லை. ஆனால் அந்த 39 பேரில் சிலர் இன்று அவரிடமே வாங்குகிறார்கள். ஈரத்தை மேலே வைக்கச் சொன்ன நபிவழியை அவர் அந்தக் கையில் கற்றுக்கொண்டார்.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ கைபேசியில் கடை வைக்கப்போகிறேன் என்று வந்தால், முதல் எவ்வளவு என்று கேட்பதற்குமுன் இவற்றைக் கேளுங்கள். சரக்கு உன் கையில் இருக்கிறதா? அதன் குறையை நீயே எழுதுவாயா? கணக்குப் புத்தகம் எங்கே? பொருள் திரும்பி வந்தால் கொடுக்கப் பணம் வைத்திருக்கிறாயா? கோபத்தோடு ஒருவர் அழைத்தால் போனை எடுப்பாயா? ஐந்துக்கும் ஆம் என்று பதில் வந்தால் பிஸ்மி சொல்லித் தொடங்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஸ்கைத் தருவாயாக! மனிதர்கள் காணாத இடத்திலும் நீ காண்கிறாய் என்ற அச்சத்தை எங்கள் கல்புகளில் நிலைக்கச் செய்வாயாக! சிறியதிலும் பரக்கத் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.